எந்தக் கையைக் கொடுக்கிறது?

நம் சாரணர் படை ஆந்தை அணியின் நிரந்தரத் தலைவரும், இப்போதெல்லாம் போனை எடுக்காத பெரிய மனிதருமான என் அருமை லீடருக்கு,

டமாரம் எழுதுவது. இங்கே நான், என் வீட்டார், என் வண்டி மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. அது தெரிந்துபோனதால்தான் இந்தக் கடிதமே.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நடுரோட்டில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நான் அழுதுவிட்டேன். கண் கலங்கியது என்று நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி நம்பவில்லை. உண்மையில் மூக்கு ஒழுக, தோள் குலுங்க, மிட்டாயைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி அழுதேன். அன்று என்னிடம் வண்டி பழக வந்தவர் சோப்புக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் ஒரு அம்மா. அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரவுண்டானாவை எதையும் இடிக்காமல் சுற்றி வந்திருந்தார். பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன், உன் வீட்டிலிருந்து போன் வந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினேன். பேசி முடித்து நான் அழ ஆரம்பித்ததும் அந்த அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். "நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன் சார்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அழுகையோடு தலையாட்டினால் ஆமாம் என்றுதான் தெரியும் போலிருக்கிறது. அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, போக்குவரத்துக் காவலர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இதுல யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கறீங்க?" என்றார். அந்த அம்மா அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவே இல்லை. பேருந்தே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த அவமானத்துக்கு நீதான் காரணம். ஆகவே ஒழுங்காக உட்கார்ந்து கேள்.

ஆமாம், கேள் என்றுதான் எழுதினேன். படி என்று எழுதவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆள் கடிதத்தைப் பிரிப்பாயா என்று எனக்குச் சந்தேகம். அதனால் உன் மனைவியிடம், அதாவது என் தங்கச்சியிடம், முன்கூட்டியே வாக்கு வாங்கிவிட்டேன். நீ காலைக் காப்பி குடிக்க உட்காரும்போது எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உரக்க, ஒரு வரி விடாமல் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தங்கச்சி, என் கையெழுத்து புரியாத இடத்தில் உனக்குத் தோன்றியதைச் சேர்த்துக்கொள்ளம்மா. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத்து, நீ எதைச் சேர்த்தாலும் மேம்படத்தான் செய்யும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல். மழைக்காலம் தொடங்கிய சமயம், காலையில் பல் துலக்கும்போது உன் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்ததாம். குனிந்து எடுக்கப் பார்த்தாயாம். நீ குனிந்தாயாம், கை மட்டும் வரவில்லையாம். ஆஸ்பத்திரி, மருந்து, தினமும் வந்து கைகாலை மடக்கி நீட்டிவிடுகிற பயிற்சிக்காரர் என்று எல்லாம் ஆகி, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்கிறாயாம், பேச்சு பழையபடி திரும்பிவிட்டதாம். வலது கை மட்டும் இன்னும் ஒத்துழைக்க மறுக்கிறதாம். அந்தக் கையால் வாழ்நாள் முழுக்கக் கட்டட வரைபடம் போட்டவன் நீ. இது எதையும் எங்களுக்குச் சொல்லக் கூடாது, யாராவது கேட்டால் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். நானும் நம்பினேன். இந்த மனுஷன் ஊர் ஊராகக் கட்டடம் கட்டிக் குவிக்கிறானே என்று உன்னைப் பற்றிப் பெருமையாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதைக்கூட மன்னிப்பேன். அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு நம் விடுதிப் பள்ளி மைதானத்தில் பழைய சாரணர்கள் எல்லோரும் கூடாரம் போட்டு ஒன்றுகூடுகிறோம் இல்லையா, அதற்கு வர மாட்டேன் என்று நீ சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "அண்ணே, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். 'எல்லாரும் கை குடுக்க வருவானுங்க, நான் எந்தக் கையைக் கொடுக்கிறது'ன்னு கேக்கறாரு. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

ரவுண்டானா பக்கத்தில் நான் அழுதது இதைக் கேட்டுத்தான். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் உடனே சொல்லப் போவதில்லை. உன்னைத் திட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

விடுதிக் காப்பாளரின் மாமியாரை நினைவிருக்கிறதா? முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்து மாடியில் தங்கியிருந்தாரே, அந்த அம்மா. தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும், காலையில் கழுத்துத் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும், செய்து முடித்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம் என்று நம் சாரண ஆசிரியர் விசில் சார் சட்டம் போட்டிருந்த காலம் அது. சட்டம் நல்ல சட்டம்தான். சுற்றுச்சுவருக்குள் அடைந்து கிடக்கிற நமக்கு உதவி தேவைப்படுகிற ஆள் எங்கே கிடைப்பார்? சமையல்காரர் தண்ணீர்க் குடத்தைத் தொடவே விட மாட்டார், நாம் சிந்துகிறோம் என்று. காவலாளிக்கு நாம் வாசல் பெருக்கியது போதும் போதும் என்றாகி, விளக்குமாற்றை ஒளித்து வைத்துவிட்டார். அந்தப் பஞ்சத்தில் வந்து சேர்ந்தார் மாமியார், நற்செயலுக்கென்றே செய்து அனுப்பினது போல. தண்ணீராவது கேட்கட்டும் என்று அவர் அறை வாசலில் வரிசையில் நின்றோம். மாடியிலிருந்து கைத்தாங்கலாக ஒருவன் இறக்குவான். கீழே காத்திருக்கிற இன்னொருவன், பாட்டி வாங்க என்று கைத்தாங்கலாக ஏற்றுவான். நாள் முழுக்க அந்த அம்மாவை ஏற்றி இறக்கியதில், ஒரு முழங்காலில் இருந்த வலி இரண்டு முழங்காலுக்கும் பரவிவிட்டது. கடைசியில் அவர் மருமகனிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது: "மாப்பிள, இந்தப் பிள்ளைங்க எனக்கு உதவி பண்ணாம இருக்கறதுக்கு நீங்க எதாச்சும் உதவி பண்ணுங்க."

மறுநாளே கிளம்பிவிட்டார். பெட்டியைத் தூக்க அடிதடி. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். மூலை கிடைக்காத நம் அணிப் பையன் கொட்டாவி பூட்டை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். பேருந்தில் ஏற்றி, உட்கார வைத்து, கையசைத்து, எல்லோரும் சந்தோஷமாக முடிச்சை அவிழ்த்தோம். பேருந்து திரும்பும்போதுதான் தெரிந்தது, அது அவர் ஊருக்குப் போகிற பேருந்து இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைய நற்செயல் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று நின்றோம். நீ மட்டும் ஓடினாய். உன் முடிச்சும் அவிழ்ந்துதான் இருந்தது. இருந்தும், செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் பறக்க, அடுத்த நிறுத்தம் வரை ஓடி, வண்டியை மறித்து, அந்த அம்மாவை இறக்கி, சரியான பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தாய். அந்த அம்மா உன்னைத் திட்டித் தீர்த்ததாக நீயே சொன்னாய். எவனுடைய மாமியாருக்காகவோ அப்படி ஓடினவன், எங்களுக்காக ஒரு காரில் ஏறி உட்கார மாட்டேன் என்கிறாய்.

தங்கச்சி, இந்த இடத்தில் நிறுத்தி அவன் முகத்தைப் பார். சிரிப்பை அடக்குகிறான் என்றால் மூக்கு விடைக்கும். விடைத்திருந்தால் எனக்கு ஒரு போன் செய்.

உன் செய்தியை நான் கொட்டாவியிடம் மட்டும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நீ தங்கச்சியிடம்தானே சொன்னாய், என்னிடம் சொல்லவில்லையே. தவிர அவன் டாக்டர். ஆந்தை அணியில் சேர்ந்து, காவல் முறை வரும்போதெல்லாம் தூங்கி, நாம் கூடாரத்தைப் பிரித்து மைதானத்தின் மறுகோடியில் கட்டின பிறகும் வெட்டவெளியில் தூங்கிக்கொண்டிருந்த அதே கொட்டாவிதான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். தான் தூங்கியது போதாதென்று ஊரையே தூங்க வைக்கிறான்.

ஆஸ்பத்திரி காண்டீனில் அவனைப் பிடித்தேன். நீலச் சட்டையும் தலையில் துணித் தொப்பியுமாக வந்தான். நான் அழுத கதையைச் சொன்னதும், "நீ அழுதா அவன் நரம்பு சரியாயிடுமாடா?" என்று என்னைத்தான் முதலில் கடித்தான். பிறகு உன் டாக்டர் யார் என்று கேட்டு, அங்கேயே நின்று போன் செய்து, எனக்குப் புரியாத பாஷையில் அரைமணி நேரம் பேசினான். வைத்துவிட்டு வந்து சொன்னான்: "கால் நல்லா வருது. கை மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு இப்பவே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, ஜன்னலைப் பாத்துட்டு ஒரே நாற்காலில உக்காந்திருந்தான்னா வர வேண்டியதும் வராது. அவன் டாக்டரும் அதையேதான் சொல்றாரு. ஆளுங்களைப் பாக்கச் சொல்லுங்கன்னு சொன்னா, நம்மாளு அவரையே முறைக்கிறானாம்." சொல்லிவிட்டு வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். கவலை வந்தால் அவனுக்குக் கொட்டாவி வரும் என்பது இவ்வளவு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாம் என்னவோ தூக்கம் என்று நினைத்துவிட்டோம்.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆண்டுவிழாவுக்குக் கல்வி அதிகாரி வந்த நாளை மறந்துவிட்டாயா? வாசலில் சீருடையோடு வரிசையாக நம்மை நிறுத்தியிருந்தார்கள். சாரணர் இன்னொரு சாரணருக்குக் கை கொடுத்தால் இடது கையைத்தான் கொடுக்க வேண்டும் என்பது உனக்கு வேதம். வெளியாளுக்கு வலது கை கொடுங்கடா என்று விசில் சார் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சீருடை போட்டா இடது கைதான் சார்" என்று நீ முணுமுணுத்ததை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன்.

அதிகாரி வந்தார். முதல் ஆள் நீ. அவர் வலது கையை நீட்ட, நீ இடது கையை நீட்டினாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு வலதை இழுத்துக்கொண்டு இடதை நீட்டி உன்னைச் சமாளித்தார். இதுதான் இந்தப் பள்ளி வழக்கம் போலிருக்கிறது என்று அடுத்து நின்ற கொட்டாவிக்கும் இடதையே நீட்டினார். கொட்டாவி அதற்குள் பயந்துபோய் வலதை நீட்டிவிட்டான். அவர் மாற்றினார், இவனும் மாற்றினான். மறுபடி அவர் மாற்றினார், இவனும் மாற்றினான். இரண்டு பேரும் காற்றில் துணி பிழிகிற மாதிரி இருந்தது. மூன்றாவது ஆள் நான். எதற்கு வம்பு என்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார், எதையோ கேட்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, தன் குடையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விழா முடியும் வரை அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். விருந்துச் சாப்பாடும் போச்சு.

மாலையில் தலைமையாசிரியர் நம் அணியைக் கூப்பிட்டு, "பெரிய மனுஷனுக்கு இடது கையை நீட்டினது எவன்டா?" என்றார். நீ ஒரு அடி முன்னால் வந்தாய். அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "சார், வலது கையில ஆயுதம், இடது கையில கேடயம். கேடயத்தைக் கீழ வச்சாத்தான் இடது கையைக் குடுக்க முடியும். உங்க மேல நம்பிக்கை இருக்கு, நான் ஒளிஞ்சுக்கலைன்னு அர்த்தம் சார்." தலைமையாசிரியர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கடா உன் கேடயம்?" என்றார். நீ முழித்தாய். அவரே சமையலறையிலிருந்து பெரிய அண்டாவின் மூடியைக் கொண்டுவரச் சொல்லி, உன் இடது கையில் மாட்டி, மைதானத்தைச் சுற்றி ஓடுடா வீரா என்றார். ஓடினாய். அண்டா மூடி முழங்காலில் இடித்து டங்கு டங்கு என்று சத்தம் கேட்க ஓடினாய். நாங்கள் நின்று பார்ப்போமா? சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடினோம். விசில் சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன், திட்டுகிற குலுக்கல் அல்ல.

இப்படிப்பட்ட நீ, எந்தக் கையைக் கொடுக்கிறது என்று கேட்கிறாய். அட மக்கு லீடரே! நம் கூட்டத்தில் எவன் உன் வலது கையைக் கேட்கப் போகிறான்? வலதை நீட்டினால்தான் இவன் யார் புது ஆள் என்று பார்ப்பார்கள். காண்டீனில் கொட்டாவியும் நானும் பார்த்ததும் நீட்டிக்கொண்டது எந்தக் கை என்று நினைக்கிறாய்? கல்லாவில் இருந்தவர், "டாக்டருக்கு வலது கையில அடியா?" என்று விசாரித்தார். "இல்லீங்க, எங்க வழக்கம்" என்றான் கொட்டாவி.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதைத் தங்கச்சி சத்தமாக வாசிக்க வேண்டாம், அவன் கையில் கொடுத்துவிடம்மா.

எட்டாம் வகுப்போடு அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள், பரீட்சை எழுத வந்துடு, லீவுக்கு வந்துடு என்று. வர மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். நீ மட்டும் முன்னால் வந்தாய். இடது கையை நீட்டினாய். நான் அன்று சீருடையில் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அழுக்குச் சட்டையும் அப்பாவின் பழைய வேட்டியுமாக நின்றேன். சாரணர் சாரணருக்குத்தானே இடது கை கொடுப்பார் என்று தயங்கினேன். நீ கையை இறக்கவே இல்லை. அப்பா பேருந்து வந்துவிட்டது என்று கத்துகிற வரை நீட்டிக்கொண்டே நின்றாய். கடைசியில் நான் பிடித்தேன். அதற்குப் பிறகு ஷெட்டிலும் ரோட்டிலும் என்னை யார் எப்படிக் கூப்பிட்டிருந்தாலும், நான் ஆந்தை அணி என்று மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. அவ்வளவுதான். இனி சத்தமாகவே வாசிக்கலாம்.

இதையெல்லாம் எழுதி என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்பாள் என்று பார்த்தால், "உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள். "எந்தக் கையைக் குடுக்கணும்னு அண்ணனுக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தான் தெரியணுமா? அவர் கேக்கறது கையைப் பத்தி இல்லீங்க. பழைய ஆளாப் போக முடியலையே, எல்லாரும் பாவம்னு பாப்பாங்களேன்னு கேக்கறாரு." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் அதற்கும் பதில் எழுதுகிறேன்.

பழைய ஆளாக அங்கே எவனடா வரப் போகிறான்? வாத்துவை எடுத்துக்கொள். அந்த நடைக்காகத்தானே வாத்து என்று பெயர் வைத்தோம். போன வருஷம் இரண்டு முழங்காலையும் மாற்றிவிட்டான். இப்போது நேராக நடக்கிறான். ஆளே அடையாளம் தெரியவில்லை, கூப்பிடவே சங்கடமாக இருக்கிறது. கொட்டாவிக்கு முன்பல் இரண்டும் கழற்றி மாட்டுகிற பல். காண்டீனில் தும்மினான், அது சர்க்கரைக் கிண்ணத்தில் போய் உட்கார்ந்தது. நான் சீருடைக் கால்சட்டை ஒன்று தைக்கக் கொடுக்கப் போனேன். தையல்காரர் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கால்சட்டைக்கா, கூடாரத்துக்கா?" என்று கேட்டார். விசில் சார் வருகிறார். காது சுத்தமாகக் கேட்காது, அவர் விசில் ஊதினால் அவருக்கே கேட்பதில்லை, ஊதினோமா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்ப ஊதுகிறார். இந்தக் கூட்டத்தில் வந்து நின்றால் நீதான் கொஞ்சமாவது பார்க்கிற மாதிரி இருப்பாய்.

உன்னைப் பாவம் பார்ப்பார்கள் என்று பயப்படாதே. மற்றவர்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, என் வரைக்கும் சொல்கிறேன். உன் காலைக் கேலி செய்வேன், கையைக் கேலி செய்வேன், ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட நீ படுகிற பாட்டை நடித்துக் காட்டுவேன். நீ அண்டா மூடியோடு ஓடினதைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது மட்டும் சிரிக்காமல் இருந்தால் நீ வேறு ஆளாகிவிட்டாய் என்று அர்த்தம். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். பாவம் என்று எவனாவது உச்சுக் கொட்டினால் என்னிடம் சொல், அவன் பக்கத்தில் கொட்டாவியை உட்கார வைத்து ஊசி போடச் சொல்கிறேன்.

ஏற்பாட்டைக் கேள். கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை என் வண்டியோடு உன் வாசலில் நிற்பேன். பழகுநர் பலகை மாட்டின வண்டிதான், வேறு வண்டி என்னிடம் இல்லை. வழியில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள், மந்திரிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. நீ என் பக்கத்து இருக்கையில், வழக்கமாக நான் உட்கார்கிற இடத்தில் உட்கார். அங்கே கால் வைக்கிற இடத்தில் இன்னொரு பிரேக் இருக்கிறது. உன் இடது கால் நன்றாக இருக்கிறது என்று கொட்டாவி விசாரித்துச் சொன்னான். எந்த இடத்தில் போதும், வேண்டாம், திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தில் நீயே மிதி. வண்டி நிற்கும். ஏன் எதற்கு என்று கேட்காமல் திருப்பிக்கொண்டுவந்து உன் வாசலில் விடுகிறேன். இது என் வாக்கு. பள்ளி வாசல் வரை வந்துவிட்டு மிதித்தாலும் சரி. தங்கச்சி பின்னால் உட்காரட்டும், அவளுக்கு பிரேக் கிடையாது.

ஒரு கையெழுத்தும் வேண்டாம், பதில் கடிதமும் வேண்டாம். வாசித்து முடித்ததும் தங்கச்சியைப் பார்த்து, சரி, அவனை வரச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லு. மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு, பயிற்சிக்காரரை முறைக்காதே. உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும், உன் வாசலைத் தாண்டி எந்தக் கஷ்டமும் உள்ளே வராமல் இருக்கட்டும். வந்தாலும் வந்ததும் வராததுமாகத் திரும்பிப் போகட்டும். நீ இல்லாமல் ஆந்தை அணியை வரிசையில் நிறுத்த எங்களில் எவனுக்கும் தெரியாது. வந்துவிடு லீடர்.

இடது கையை நீட்டியபடி,
உன் டமாரம்

பின்குறிப்பு: முகாமில் நீ தரையில் படுக்கக் கூடாது என்று கொட்டாவி சொன்னதால், உனக்கென்று தனிக் கூடாரம் ஒன்றை வாங்கி, கட்டில் போட்டுச் சோதித்துப் பார்ப்பதற்காக இன்று எங்கள் மொட்டைமாடியில் கட்டினேன். முடிச்சுகள் எல்லாம் நானே போட்டேன். என் மச்சான் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்து, வசதியாக இருக்கிறது என்றார். சற்று முன்பு கூடாரம் விழுந்தது. அடி எதுவும் இல்லை. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மச்சான் தேநீர் கேட்டார். துணியை ஓரமாகத் தூக்கி, டம்ளரை உள்ளே தள்ளினோம்.